மூன்று கதவு, ஒரு சேஃப்டி ரிலே: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெஷினின் காவல் கதவு திறந்தாலோ எமர்ஜென்சி பட்டனை அழுத்தினாலோ மெஷினை நிறுத்துவது சேஃப்டி ரிலே. அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் புதிதாகப் பேனல் வேலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால், நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் திரும்பி வருகின்றன. என்.சி. (சாதாரணமாக மூடியிருக்கும்) கான்டாக்டுக்குப் பதில் என்.ஓ. (சாதாரணமாகத் திறந்திருக்கும்) கான்டாக்ட் எடுப்பது, எமர்ஜென்சி பட்டனைக் கைக்கு எட்டாமல் வைப்பது போன்றவை முதல் டிரையலிலேயே பிடிபட்டுவிடும். டிரையலில் பாஸாகி, பிறகு விரலை வாங்கும் தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

எல்லாக் கதவையும் சீரிஸில் கோப்பது

ரிலே செலவு மிச்சம் என்று மூன்று கதவு ஸ்விட்சுகளையும் சீரிஸில் கோத்து, இரண்டு சேனலாக (ஒன்று பழுதானாலும் மற்றது நிறுத்தும்படி இரண்டு தனிச் சுற்றுகளாக) ஒரே ரிலேக்குக் கொண்டுபோகிறார்கள். திறந்தால் மெஷின் நிற்கிறது, மூடி ரீசெட் கொடுத்தால் ஓடுகிறது. வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

இரண்டாம் கதவின் கேபிள் கூலன்ட்டில் ஊறியோ, கதவிடுக்கில் நசுங்கியோ, இரண்டாம் சேனலின் இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டன என்று வையுங்கள். அந்தக் கதவைத் திறந்தால் முதல் சேனல் மட்டும் விழும் (அறுபடும்), மெஷின் நிற்கும். மூடி ரீசெட் அழுத்தினால் ரிலே எடுக்காது (ஆன் ஆகாது). இரண்டு சேனலும் சேர்ந்து விழவில்லை என்பதை அது கண்டுபிடித்துவிட்டது.

அடுத்து நடப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. புரொடக்‌ஷன் நிற்கிறதே என்று யாரோ பக்கத்துக் கதவைத் திறந்து மூடுகிறார். அந்த ஸ்விட்ச் நன்றாக இருப்பதால் இரண்டு சேனலும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுகின்றன. ரிலேக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது, ரீசெட் ஆகிறது. ஷார்ட் அங்கேயே கிடக்கிறது. "ஒண்ணாம் நம்பர் கதவைத் தொறந்து மூடுங்கண்ணா, எடுத்துக்கும்" என்று அடுத்த ஷிஃப்டுக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்தப் பேச்சு காதில் விழுந்தால் மெஷினை உடனே நிறுத்துங்கள். முதல் சேனலும் அதே கதவில் பழுதாகும் நாளில், கதவு திறந்திருக்கும்போதே பிரஸ் அடிக்கும்.

கம்பிகளைச் சோதிக்க ரிலே அனுப்பும் டெஸ்ட் பல்ஸ் இருக்கிறதே என்பார்கள். ஒரே சேனலின் கான்டாக்டுக்குக் குறுக்கே ஷார்ட் ஆனால், பல்ஸ் அந்த ஷார்ட் வழியாகவே போய்த் திரும்பிவரும். ரிலேக்கு வித்தியாசம் தெரியாது. 2015இல் வந்த ஐஎஸ்ஓ டிஆர் 24119 என்ற தொழில்நுட்ப அறிக்கை முழுக்க இந்தப் பழுது மறைவதைப் பற்றியதுதான். சீரிஸில் கோத்த சாதாரண கான்டாக்டுகளுக்கு 99% டயக்னாஸ்டிக் கவரேஜ் (ஆபத்தான பழுதுகளில் கண்டுபிடிக்கப்படும் பங்கு) என்று கணக்குக் காட்ட முடியாது. கதவுகள் கூடக் கூட, அடிக்கடி திறக்கும் கதவுகள் கூடக் கூட, அது இறங்கிக்கொண்டே போகும்.

அடிக்கடி திறக்கும் கதவுக்குத் தனி ரிலே போடுங்கள், அல்லது சேஃப்டி கன்ட்ரோலரில் கதவுக்கு ஒரு ஜோடி இன்புட் கொடுங்கள். கதவுகள் நிறைய என்றால் ஓஎஸ்எஸ்டி என்ற எலக்ட்ரானிக் அவுட்புட் உள்ள, கதவிலுள்ள டேகை ரேடியோவில் படிக்கும் ஆர்எஃப்ஐடி ஸ்விட்ச் வாங்கலாம். ஒவ்வொன்றும் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதால் சீரிஸிலும் பழுது மறையாது. பழைய மெஷினை மாற்றும்வரை, மற்ற கதவுகளை மூடிவைத்து ஒன்றை மட்டும் திறந்து, ரிலேயின் இரண்டு இன்புட்டிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 24 வோல்ட் இல்லாமல் போயிருக்க வேண்டும். எல்லாக் கதவுக்கும் இதைச் செய்யுங்கள்.

ஃபீட்பேக்கில் ஜம்பர்

மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர்கள் விழுந்தனவா என்று ரிலே பார்க்கும் சுற்றுதான் ஃபீட்பேக். பெஞ்சில் சோதிக்க அதில் போட்ட ஜம்பர் (குறுக்கு வயர்) அப்படியே பேனலுக்குள் போய்விடுகிறது. அங்கே வரவேண்டியவை இரண்டு கான்டாக்டர்களின் மிரர் என்.சி. கான்டாக்டுகள், இங்கே சீரிஸ்தான் சரி. ஒன்றின் மெயின் கான்டாக்ட் வெல்ட் ஆனால் அதன் என்.சி. மூடாது, அடுத்த ரீசெட் நடக்காது. பவரை ஆஃப் செய்து ஃபீட்பேக் வயரைக் கழற்றிவிட்டு, ஆன் செய்து ரீசெட் கொடுத்துப் பாருங்கள். ரிலே எடுத்தால் ஜம்பர் எங்கோ இருக்கிறது.

கழன்ற கான்டாக்ட் பிளாக்

22 மி.மீ. பட்டனின் தலை பேனலுக்கு முன்னால், கான்டாக்ட் பிளாக் பின்னால் கிளிப்பில் நிற்கும். அதிர்வில் பிளாக் நழுவினால் என்.சி. கான்டாக்ட் தன் ஸ்பிரிங்கில் மூடியே இருக்கும். பட்டன் 'டக்' என்று உள்ளே போகும், பூட்டியும் கொள்ளும், மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு சேனலும் ஒரே ஹோல்டரில் இருப்பதால் ரிலேக்கும் தெரியாது. கழன்றால் தானே சுற்றை அறுக்கும் செல்ஃப் மானிட்டரிங் பிளாக் கிடைக்கிறது, அதையே போடுங்கள்.

காயிலில் வெறும் டயோடு

கான்டாக்டரின் டிசி காயில் அணையும்போது எழும் வோல்டேஜை அடக்க டயோடு மட்டும் போட்டால் கான்டாக்டர் விழத் தாமதமாகும். 50 மில்லிசெகண்ட் கூடினால், ஐஎஸ்ஓ 13855 எடுத்துக்கொள்ளும் 1600 மி.மீ./செகண்ட் நடை வேகத்தில் காவலுக்கும் ஆபத்தான பகுதிக்கும் இடையே 80 மி.மீ. தூரம் அதிகம் வேண்டும். டயோடோடு ஜீனரும் சேருங்கள், அல்லது வாரிஸ்டர் போடுங்கள்.

ரீசெட் பட்டன் வேலிக்குள்

கூடாது. உள்ளே யாரும் இல்லை என்று பார்க்க முடிகிற இடத்தில், வெளியே.

0 வோல்ட்டை எர்த் செய்யாமல் விடுவது

ஐப்பசி மழையில் ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஈரம் இறங்கினால், இரண்டு இடத்து எர்த் ஃபால்ட் சேர்ந்து ஸ்விட்சைத் தாண்டிவிடும். கன்ட்ரோல் சப்ளையின் 0 வோல்ட்டை எர்த் செய்திருந்தால் முதல் ஃபால்ட்டிலேயே ஃபியூஸ் போகும்.

உதிரி நாக்கு

கதவிலுள்ள உலோக நாக்கு உள்ளே நுழைந்தால் மூடும் நாக்கு வகை ஸ்விட்சில் உதிரி நாக்கைச் செருகிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து ஓட்டுவார்கள். உதிரியை ஸ்டோரில் பூட்டுங்கள். புது மெஷினுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு (கோட்) உள்ள ஸ்விட்ச் கேளுங்கள். ஐஎஸ்ஓ 14119 கணக்கில் 1000க்கு மேல் குறியீடுகள் இருந்தால்தான் அது உயர் வகை.