மேட்டில் இழுக்காத பழைய டிராவலர்: தேடலை டேங்கில் தொடங்குங்கள்

என்னுடையது படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக் கேம்பராகக் கட்டிய பழைய டெம்போ டிராவலர். மெர்சிடிஸ் ஓஎம் 616 வழிவந்த டீசல் எஞ்சின், கம்ப்யூட்டர் கிடையாது. இந்த மாதிரி வண்டியில் புல்லிங் விட்டு விட்டுக் குறைந்தால் எடுத்த எடுப்பில் டீசலை அழுத்தி அனுப்பும் பம்பையும், எஞ்சினுக்குள் அதைத் தெளிக்கும் நாசிலையும் கழற்ற விடாதீர்கள். செலவும் அதிகம், பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதுமில்லை.

முதலில் புகை. ஏற்றத்தில் கறுப்பாகத் தள்ளினால் ஏர் பில்டரைப் பாருங்கள். புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால் டீசல் போதவில்லை. கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் நன்றாக ஓடி, அடுத்த மேட்டில் மறுபடி மக்கர் செய்கிறதா? அப்படியென்றால் டேங்கில் கசடு இருக்கலாம். எஞ்சின் டீசலை இழுக்க இழுக்கக் கசடு டேங்குக்குள் இருக்கும் வடிகட்டியில் போய் ஒட்டும். நிறுத்தினால் கீழே உதிர்ந்துவிடும். மாதக்கணக்கில் நிற்கும் கேம்பர்களில் இது சகஜம். டேங்க் மூடியையும் சோர்ந்த அந்த நேரத்திலேயே திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

அடுத்தது ரப்பர் ஹோஸ். டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் இருந்தால் டீசல் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே காய்ந்து கிடப்பதால் மெக்கானிக் கண்ணிலும் படாது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாக மாட்டி, எஞ்சினை ரேஸ் செய்யுங்கள். உள்ளே குமிழ் சரம் சரமாக ஓடினால் காற்று புகுகிறது. கிளாம்ப் முதல் காப்பர் வாஷர் வரை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், விலை சொற்பம்தான்.

சந்தேகம் தீரவில்லையா? வண்டிக்கு வெளியே, சைலன்சர் சூடு படாத இடத்தில் ஒரு டீசல் கேனைக் கட்டி, டீசல் வரும் சப்ளை ஹோஸ், மிச்சம் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ் இரண்டையும் அதில் விட்டு ஓட்டுங்கள். இழுவை வந்துவிட்டால் கோளாறு டேங்கிலோ வரும் குழாயிலோதான். வராவிட்டால் டீசல் பில்டரை மாற்றுங்கள். அப்புறம்தான் பம்ப்.

ஆக்சிலரேட்டரை ஒருவரை முழுக்க மிதிக்கச் சொல்லி, பம்ப் லீவர் கடைசிவரை போகிறதா என்றும் பாருங்கள். கேம்பராக மாற்றும்போது போட்ட தடித்த கார்ப்பெட் பெடலைத் தடுக்கும்.

குழாயைக் கழற்றி மாட்டினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடித்து, இறுக்குங்கள். சோதனை ஓட்டம் சமதளத்தில் வேண்டாம். தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு நீளமான ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள்.