பிடி அரிசியில் தொடங்கலாம்

உலை கொதிக்கிறது, அரிசியை உழக்கால் அளந்து சொளகில் போட்டாகிவிட்டது. களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பங்கரையில் இருக்கும் தனி டப்பாவில் போட வேண்டும். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து வரும் பிடி அரிசி இதுதான். விசுவாசம், ஒப்புக்கொடுத்தல், தாராளம் என்று பிரசங்கத்தில் கேட்பதையெல்லாம் எங்கே தொடங்குவது என்று கேட்பவருக்கு இந்த டப்பாவைத்தான் காட்டுவோம். இன்றைக்குச் சோறு பத்துமா, விருந்தாள் யாரும் வருவார்களா என்று தெரிவதற்கு முன்பே கை அரிசிக்குள் போகிறது. டப்பாவில் விழுந்த பிறகு அது உங்கள் அரிசி இல்லை. யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதும் தெரியாது.

பைபிளில் வரும் சாறிபாத் விதவையிடம் இருந்ததும் பானையில் ஒரு பிடி மாவுதான். அவள் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் ஒரு சிறிய அடை செய்து கொடுத்தாள், பிறகு தனக்கும் பிள்ளைக்கும் செய்தாள். அந்த வரிசை முக்கியம். சமைத்து முடித்து மிஞ்சிய சோற்றைப் பிச்சைக்காரருக்குப் போடுவதும் நல்ல காரியம்தான், ஆனால் அது வேறு.

டப்பா வைக்கும் முறை

மூடி இறுக்கமாக இருக்கும் 3 கிலோ எவர்சில்வர் டப்பா போதும். பிளாஸ்டிக்கும் ஆகும், ஆனால் பழைய எண்ணெய் டப்பா வேண்டாம், வாடை அரிசியில் ஏறிவிடும். அரிசித் தூக்குக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பரணில் வைத்தால் ஒரே வாரத்தில் மறந்துபோகும்.

பெரியவர் கையில் ஒரு பிடி சுமார் 40 கிராம் நிற்கும். ஒரு நாளைக்கு ஒருமுறை உலை வைக்கிற வீட்டில் மாதத்துக்கு 1.2 கிலோ சேரும். இரண்டு முறை என்றால் 2.4 கிலோ. முதல் மாதக் கடைசியில் தராசில் வைத்துப் பாருங்கள். அரைக் கிலோதான் இருக்கிறது என்றால் பாதி நாளுக்கு மேல் மறந்திருக்கிறீர்கள். விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்து மொத்தமாக ஒரு படி அள்ளிக் கொட்டிச் சரிக்கட்ட வேண்டாம். கணக்கு நேராகும், பழக்கம் வராது.

வழக்கமாக வரும் தவறுகள் சில. ஈரக்கையோடு எடுத்தால் அரிசி கட்டிபிடித்து, நாலைந்து நாளில் பூசணம் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கை துடைத்தாலும் காற்றிலேயே ஈரம் இருக்கும், ஆகவே அந்த இரண்டு மாதமும் 15 நாளுக்கு ஒருமுறை டப்பாவைக் காலி செய்துவிடுவது நல்லது. வண்டு வராமலிருக்க நாலைந்து வற்றல் மிளகாயோ நன்றாகக் காய்ந்த வேப்பிலையோ போடலாம். பச்சை வேப்பிலை போட்டால் அதன் ஈரமே அரிசியைக் கெடுக்கும்.

புழுங்கலையும் பச்சரிசியையும் ஒரே டப்பாவில் கலக்காதீர்கள். இரண்டும் வேகும் நேரம் வேறு. ஒன்று குழையும்போது மற்றது நறுக்கென்று நிற்கும். கோயிலில், அதாவது சர்ச்சில், அதை ஏலம் விட்டால் கோழித்தீவன விலைதான் போகும். தோசைக்கு ஊறப்போடும் அரிசியில் பிடி எடுப்பதானால் அதற்கு ஒரு சின்னப் பையை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான விஷயம். வீட்டில் பொன்னி பொங்கும்போது டப்பாவில் ரேஷன் அரிசி விழக்கூடாது. ரேஷன் அரிசியே சாப்பிடுகிற வீட்டில் ரேஷன் அரிசி போடுவது முழுக் காணிக்கை. அதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் தின்பதைக் கொடுங்கள், அவ்வளவுதான். குருடும் நொண்டியுமான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களை மல்கியா தீர்க்கதரிசி ‘இதை உன் அதிபதிக்குக் கொடுப்பாயா?’ என்று கேட்ட கேள்வி அரிசிக்கும் பொருந்தும்.

மாதக் கடைசியில் அரிசி தட்டுப்படும். அப்போது டப்பாவிலிருந்து கடன் எடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். உண்மையிலேயே அடுப்பு எரியாத நாள் என்றால் அந்த வீடே உதவி பெற வேண்டிய வீடு. ஐயரிடமோ (சபைப் போதகர்) சபை ஊழியரிடமோ சொல்லிவிட்டு டப்பாவை முழுவதுமாக எடுத்துப் பொங்குங்கள், அதில் வெட்கம் இல்லை. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு எடுக்கிற ஒரு உழக்குத்தான் பழக்கத்தைக் கொல்கிறது.

சர்க்கரை வியாதியால் அரிசியே குறைந்துபோன வீடுகளும், மெஸ்ஸில் சாப்பிடும் பிள்ளைகளும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 2 ரூபாய் உண்டியலில் போடலாம். ஜிபேயில் மாதம் 60 ரூபாய் தானாகப் போகும்படி செய்துவைப்பது எளிது. ஆனால் கை எதையும் தொடாததால் நினைவும் வருவதில்லை. சில்லறைதான் நல்லது.

டப்பா நிறைந்ததும் மாதம் ஒருமுறை பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வரும்போது கொடுக்கலாம், அல்லது ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சேர்க்கலாம். பல சபைகளில் அதை விற்றுப் பணத்தை மிஷனெரி ஊழியத்துக்கு அனுப்புகிறார்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் இங்குள்ளவர்கள் கொடுப்பதிலேயே ஊழியம் நடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வெள்ளாளன்விளையில் பிறந்து பிறகு தோர்ணக்கல் பேராயரான அசரியா அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். நெல்லையிலிருந்து தெலுங்கு நாட்டுக்கு ஊழியர் போனது பெரும் பணக்காரர் காசில் அல்ல.

தசமபாகம், வருமானத்துக்கு ஏற்றபடி

வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கும்படி அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். வரவு எப்போது வருகிறதோ அப்போதே பத்தில் ஒன்றான தசமபாகத்தைப் பிரித்துவிடுங்கள்.

பீடி சுற்றுகிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் வாரக்கூலி. சனிக்கிழமை 1,200 ரூபாய் கைக்கு வந்தால், பலசரக்குக் கடைப் பாக்கியை அடைப்பதற்கு முன் 120 ரூபாயைக் கவரில் போட்டுவிட வேண்டும். கடைக்குப் போய்வந்த பிறகு பிரிக்கலாம் என்றால் கவருக்கு 20 ரூபாய்தான் வரும், அதுவும் கசங்கிய நோட்டாக.

மாதச் சம்பளக்காரர்கள் ‘பிடித்தம் போகத்தான்’ என்று தொடங்குவார்கள். வருமான வரியைக் கழிப்பது நியாயம். வீட்டுக் கடன், சொசைட்டிக் கடன், எல்.ஐ.சி. இவையெல்லாம் உங்கள் செலவு. அவற்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது நம்மை நாமே ஏமாற்றுவது.

விவசாயிக்கு இது அப்படியே பொருந்தாது. பிசானப் போகத்தில் நெல் விற்று 60,000 ரூபாய் வந்தது, விதை, உழவு, உரம், நடவு, அறுப்பு மெஷின் எல்லாம் சேர்ந்து 35,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 25,000, தசமபாகம் 2,500. மொத்த வரவில் பத்தில் ஒன்று கேட்டால் 6,000 ஆகும், அது அவர் லாபத்தில் ஏறக்குறைய கால்வாசி. ஆகவே சாகுபடிச் செலவைக் கழியுங்கள், ஆனால் சாகுபடிச் செலவை மட்டும். மகள் வளைகாப்புச் செலவு உரக்கணக்கில் ஏறக்கூடாது. பனையேறுகிறவருக்குப் பதனீர் இறங்கும் மாதங்களில்தான் காசு. அந்த மாதங்களில் பிரித்தால் போதும், மற்ற மாதங்களில் பிடி அரிசி இருக்கிறது.

கந்துவட்டிக்கு வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்தும் வேண்டாம். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று இரண்டாம் கொரிந்தியரில் தெளிவாக இருக்கிறது. தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதைக் ‘கொர்பான்’ (காணிக்கை) என்று சொல்லிக் கோயிலுக்குக் கொடுத்தவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் உள்ளது. 100 போட்டால் 1,000 வரும் என்று மேடையில் சொல்கிறவரிடம் பணம் கொடுப்பது சீட்டு விளையாட்டுக்குச் சமம். தசமபாகம் கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற மல்கியாவின் வார்த்தையைத் துணைக்கு அழைத்தாலும் அது விசுவாசம் ஆகாது.

கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். ‘ஆண்டவருக்குக் கொடுத்ததற்கு ரசீதா?’ என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுலே தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் வராதபடி சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களையும் கூட்டிக்கொண்டார்.

அறுப்பின் பண்டிகையும் ஏலமும்

விளைச்சலைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் பண்டிகை இது. அதற்கு முந்தின நாள் சந்தையில் போய்க் கோழி வாங்குவதை விட, ஆறு மாதத்துக்கு முன்பே ஒரு குஞ்சைக் காட்டி ‘இது கோயிலுக்கு’ என்று பிள்ளைகளிடம் சொல்லி வளர்ப்பது மேல். காலில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். இடையில் விருந்தாள் வந்து, வீட்டிலேயே கொழுத்த கோழி அதுதான் என்று தெரியும்போது, ஒப்புக்கொடுத்தல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளங்கும். முருங்கை, வாழை, தென்னை எதிலும் ஒரு மரத்தை இப்படி ஒதுக்கலாம்.

அப்படி வந்த பொருட்களைக் கோயிலில் விடும் ஏலத்தில்தான் கோளாறு. மைக்கில் பெயர் சொல்லும்போது கை தானாக உயரும். ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரத்தைத் தாண்டும். இரண்டு குடும்பத்துக்குள் இருக்கும் பழைய பகை அந்தப் பழத்தில் தீரும். பிறகு பாக்கி மாதக்கணக்கில் நோட்டில் நிற்கும். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு தொகையை முடிவு செய்து, அந்தப் பணத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்துப் போங்கள். அது தீர்ந்தால் கையைக் கட்டிக்கொள்ளலாம். ஏலம் எடுத்த வாழைத்தாரைத் திரும்பும் வழியில், ஏலத்துக்கு வர முடியாத வீடு ஒன்றில் இறக்கிவிட்டுப் போனால் ஒரே பணத்தில் இரண்டு காரியம்.

அசனத்துக்கு, அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, பணமாகவோ அரிசியாகவோ கொடுக்க முடியாதவர்கள் முந்தின நாள் இராத்திரி உள்ளி உரிக்கப் போகலாம். பந்தியில் பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில் சாப்பிடுங்கள். கறி தீர்ந்திருக்கும், குழம்பு இருக்கும்.

பொருத்தனை

பொருத்தனை என்றால் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வது. ‘மகனுக்கு வேலை கிடைத்தால் 10,000 தருகிறேன்’ என்பது பேரம். பேரத்தையும் ஆண்டவர் பொறுத்துக்கொள்கிறார் என்பதற்கு யாக்கோபு பெத்தேலில் செய்த பொருத்தனை இருக்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. குடும்ப ஜெபத்தில் அந்தக் காரியத்தைப் பெயர் சொல்லி ஒருமுறை தெளிவாக ஒப்புவியுங்கள்: இந்த வரன், இந்த ஆபரேஷன், இந்த வழக்கு. முடிவு எப்படி வந்தாலும் கொடுக்கப்போவதை அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் பங்குக்கு மறுநாள் செய்ய வேண்டியது என்ன என்று பாருங்கள்: விண்ணப்பம் அனுப்புவதா, டாக்டரைப் பார்ப்பதா, வக்கீலுக்குப் போன் செய்வதா. ஒப்புக்கொடுத்தோம் என்று சும்மா இருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும்.

பொருத்தனையை டைரியில் எழுதுங்கள். என்ன, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யாரிடம் கொடுப்பது என்ற நான்கும் இருக்க வேண்டும். கல்யாணம் முடிந்த மறுவாரமே நிறைவேற்றினால் மனம் இளகியிருக்கும். ஒரு வருஷம் போனால் 10,000 பெரிய தொகையாகத் தெரியும். நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பைபிளில் பிரசங்கி புத்தகம் சொல்வது இதற்காகத்தான்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது

இதுதான் இருப்பதிலேயே கடினம், ஏனென்றால் வாங்குகிறவர் முகத்தை நாளைக்கும் பார்க்க வேண்டும். பணமாகக் கையில் கொடுப்பதை விட, அவர்கள் வாங்கும் பலசரக்குக் கடையில் போய்ப் பற்று நோட்டில் 500 ரூபாய் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். கடைக்காரரிடம் ‘பேரைச் சொல்லாதீங்க அண்ணாச்சி’ என்றால் போதும், பெரும்பாலும் சொல்ல மாட்டார். பள்ளிக்கூட ஃபீஸை ஆபீசில் நேராகக் கட்டி, ரசீதைப் பிள்ளையின் பெயரில் வாங்குங்கள். கோயில் விளம்பரம், ஜெபக்கூட்ட அழைப்பு எதையும் கூடச் சேர்க்க வேண்டாம். அந்த வீட்டார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்பது இங்கே பேச்சே இல்லை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது, கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்குவதைவிட மோசம்.

அரிசியோ பருப்போ கொண்டுபோனால் பாத்திரத்தில் கொண்டுபோகாதீர்கள். நம் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. உங்கள் தூக்குவாளி அவர்கள் வீட்டில் இருக்கும்வரை, அதில் என்னத்தைப் போட்டு அனுப்புவது என்று அந்த அம்மா யோசித்துக்கொண்டே இருப்பார். ஜவுளிக்கடைத் துணிப்பை ஒன்றில் போட்டு, விளக்கு வைத்த பிறகு, பின்வாசல் வழியாகக் கொடுத்துவிட்டு, ‘பை வேண்டாம்க்கா, வீட்ல நிறைய கிடக்கு’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.