நாயுடன் பிரிட்டனுக்குக் குடிபெயர்வோர் ஊரைத் தேர்ந்தெடுக்க

நாயை அழைத்துக்கொண்டு பிரிட்டனுக்குக் குடிபெயர்வோர், நகரத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், வீட்டு வாசலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் நாய் கயிறில்லாமல் ஓடக்கூடிய பூங்கா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் நாட்டில் தினமும் இருமுறை நடக்கப்போவது நீங்கள்தான்.

என் முதல் தேர்வு ஷெஃபீல்டு. நகர எல்லையின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், நகரத்திலிருந்து பேருந்திலேயே மலைச்சரிவுக்குப் போய்விடலாம். ஆனால் ஆடுகள் மேயும் இடங்களில் எப்போதும், திறந்த மேட்டுநிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரையும், கயிற்றை அவிழ்க்கக் கூடாது. லண்டனிலும் பூங்காக்களுக்குக் குறைவில்லை, சுரங்க ரயிலிலும் நாய்க்கு அனுமதி உண்டு. எஸ்கலேட்டரில் மட்டும் அதைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்பதால், முப்பது கிலோ லாப்ரடார் வளர்ப்பவர்கள் படிக்கட்டோ லிஃப்டோ உள்ள நிலையத்தின் அருகே வீடு பார்ப்பது நல்லது.

வாடகை வீடு கிடைப்பதுதான் பெரிய சிரமம். இங்கிலாந்தில் 2026 மே 1 முதல், தனியார் வீட்டு வாடகைதாரர் எழுத்துமூலம் அனுமதி கேட்டால், நியாயமான காரணமின்றி வீட்டுக்காரர் மறுக்க முடியாது. ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இந்தியாவிலிருந்து வரும் நாய், ரேபிஸ் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால், அந்த இடைவெளியிலேயே வீடு தேடத் தொடங்குங்கள்.