கன்னத்து எலும்பில் வந்த அந்தச் சுருக் வலி

முகத் தோல் பராமரிப்புக்கென்று, காதில் கேட்காத ஒலி அலையைத் தோலுக்குள் அனுப்பும் 3 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்றை வாங்கினேன். மூன்றாம் நாளே வலது கன்னத்து எலும்பின் மேல் சுருக்கென்று வலி, அப்புறம் சிவப்பு. கருவிதான் பழுது என்று நினைத்தேன்.

ஆனால் தவறு நான் அதைப் பயன்படுத்திய விதத்தில் இருந்தது. ஜெல்லுக்குப் பதிலாக வழக்கமான கிரீமை மெல்லிசாகத் தடவியிருந்தேன். அது சீக்கிரமே காய்ந்துவிட்டது. இடையில் காற்று புகுந்தால் இந்த ஒலி அலை தோலுக்குள் போகாது, கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். கருவியின் முனைதான் சூடேறும். போதாததற்கு, மங்கு இருந்த இடத்தில் அசைக்காமல் அழுத்திப் பிடித்திருந்தேன். (மங்குக்குச் சூடே ஆகாது என்பது வேறு.) கிரீம் காய்வதற்குள் உள்ளே போன அலை ஒரே இடத்தில் விழுந்தது. தோலைவிட எலும்பு இந்த அலையை அதிகம் உறிஞ்சும், எலும்பின் மேல் சவ்வு சூடானதால் வந்ததுதான் அந்தச் சுருக்.

ஒரு வாரம் நிறுத்தினேன், சிவப்பு போனது. இப்போது நீர் சார்ந்த ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, கருவியைக் குறைந்த அளவில் வைத்து, சிறு வட்டங்களாக நகர்த்திக்கொண்டே இருக்கிறேன். எலும்பு மேடு, கண்ணைச் சுற்றிய இடம், தைராய்டு இருக்கும் முன்கழுத்து, இந்தப் பக்கமே போவதில்லை. வலி திரும்ப வரவில்லை.

தங்கை கேட்டாள், கொடுக்கவில்லை, கர்ப்பமாக இருக்கிறாள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது.