தீப்பந்தைத் துணைவரிடம் கொடுக்காதீர்கள்

ஃபேன்டசி கேமில் எந்தப் பாத்திரத்தை எடுப்பது என்று குழப்பமா? மந்திரவாதியை எடுங்கள். கணினி இயக்கும் துணைவர்களுக்கு வாளும் கேடயமும் நன்றாகவே வரும். எங்கே நின்று எதை எறிவது என்பதில்தான் சொதப்புவார்கள். 2009-இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' விளையாட்டில் கடினத்தன்மையைக் கூட்டி வைத்தால் தீப்பந்து மந்திரம் நம் ஆட்களையும் சேர்த்தே சுடும். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்!

அப்புறம், அதில் டாக்டிக்ஸ் என்றொரு விதிப்பட்டியல் உண்டு. துணைவர் அதை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதைச் செய்வார். 'எதிரியைத் தாக்கு' மேலே இருந்தால், வைத்தியம் பார்க்க வேண்டியவர், நீங்கள் உயிருக்குப் போராடும்போதும் யாரையோ அடித்துக்கொண்டிருப்பார். 'கூட்டாளியின் உயிர் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் குணப்படுத்து' என்பதை முதல் வரிக்கு ஏற்றிவிடுங்கள்.