'மேஜர் லீக் 2' படத்தை ரசிக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேவிட் எஸ். வார்டு இயக்கத்தில் 1994 மார்ச் இறுதியில் வெளியான 'மேஜர் லீக் 2', 1989இல் வந்த 'மேஜர் லீக்' என்ற பேஸ்பால் நகைச்சுவைப் படத்தின் தொடர்ச்சி. முதல் படத்தை மிகவும் விரும்பியவர்களே இதைப் பாதியில் நிறுத்திவிடுவதைக் கண்டிருக்கிறேன். அதற்குப் படத்தின் குறைகள் ஓரளவுக்குத்தான் காரணம். நாம் அதைப் பார்க்கும் முறைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

முதல் படத்தின் கதையே திரும்ப வரும் என்று எதிர்பார்ப்பதுதான் பெரிய தவறு. அதில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் ரேச்சல் ஃபெல்ப்ஸ், அணியை மயாமிக்குக் கொண்டுசெல்லும் நோக்கத்துடன், தோற்கக்கூடிய ஆட்களாகப் பார்த்துச் சேர்க்கிறார்; யாரும் மதிக்காத அந்த ஆட்கள் ஒன்றுகூடி வெல்கிறார்கள். நிஜத்தில் கிளீவ்லாந்து அணி 1948க்குப் பிறகு, அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றதே இல்லை என்பதால், அந்தக் கதைக்கு ஒரு நகரத்தின் நாற்பதாண்டு ஏக்கம் பின்னணியாக இருந்தது. இரண்டாம் படமோ, வென்ற மனிதர்கள் அதன் பிறகு என்ன ஆகிறார்கள் என்று கேட்கிறது. மிரளவைக்கும் வேகத்தில் பந்து வீசிய ரிக்கி வான், கோட்டும் சூட்டும் அணிந்து விளம்பரங்களின் பின்னால் போய்த் தன் வேகத்தையே இழக்கிறார். பந்து அடிக்கப்படும் முன்பே அடுத்த நிலைக்கு ஓடிச் சேர்ந்து பேஸ்களைத் 'திருடிய' வில்லி மேஸ் ஹேஸ், ஒரு சினிமாவில் நடித்துவிட்டு வந்து, இனி பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிடும் ஹோம் ரன் மட்டுமே அடிப்பேன் என்கிறார். மட்டையாளர் செரானோ பௌத்தத்தில் அமைதி கண்டு, ஆட்டத்துக்கு வேண்டிய கோபத்தைத் தொலைக்கிறார். முதல் படத்தில் ஆட்டக்காரராக இருந்த ரோஜர் டோர்ன் அணியையே விலைக்கு வாங்கிப் பணமில்லாமல் தவிக்கிறார். முதல் பாதி மந்தமாகத் தோன்றுவது இந்தச் சரிவுகளைக் காட்டுவதால்தான். ஆகவே முதல் படத்தைப் பார்க்காமல் இதில் உட்காருபவருக்கு, யார் எதை இழந்தார்கள் என்பதே விளங்காது.

நடிகர் மாறியதையே நினைத்துக்கொண்டிருப்பதும் வீண். வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்த ஹேஸ் பாத்திரத்தில் இம்முறை ஒமர் எப்ஸ் நடித்தார். சில காட்சிகளுக்குள் அவர் பழகிவிடுவார். முதல் படத்தின் கொச்சையான பேச்சும் இதில் குறைக்கப்பட்டிருக்கிறது. இது சிறுவர்களும் பார்க்கத்தக்க தணிக்கைச் சான்றிதழோடு வந்த படம்.

ஆட்டத்தின் அடிப்படை தெரியாமல் பார்த்தால், படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவையே கைநழுவிப் போகும். பேஸ்பாலில் பிட்சர் ஏறத்தாழ 18 மீட்டர் தொலைவிலிருந்து பந்தை வீசுகிறார். மட்டையாளர் அடிக்காவிட்டால், பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் அதைப் பிடித்துத் திரும்ப எறிகிறார். கிரிக்கெட் கீப்பருக்கு இதைவிட எளிய வேலை இருக்க முடியாது. ரூப் பேக்கர் என்ற இளம் கேட்சரால் இந்த ஒன்றைத்தான் செய்ய முடியவில்லை. யோசித்து எறிந்தால் பந்து எங்கோ போகிறது. மனப்பாடமான பத்திரிகை வரிகளைச் சொல்லிக்கொண்டு எறிந்தால் கை தானாகச் சரியாகிவிடுகிறது. இதை வெறும் கோமாளித்தனம் என்று கடந்துவிடக் கூடாது. நியூயார்க் மெட்ஸ் அணியின் கேட்சர் மேக்கி சாசர் உண்மையிலேயே இதே தடுமாற்றத்தால் துன்புற்றவர். பழகிய கை மனத்தின் தலையீட்டால் உறைந்துபோவதை இவ்வளவு பரிவோடு சிரிக்கவைத்துக் காட்டிய விளையாட்டுப் படம் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

வர்ணனையாளர் ஹாரி டாயிலாக வரும் பாப் யூக்கரின் குரலைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு இழப்பு. அவர் 1962 முதல் 1967 வரை உண்மையில் கேட்சராக ஆடியவர். 1971 முதல் மில்வாக்கி அணியின் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்தவர். அணி தோற்கத் தோற்க அவர் குரலில் ஏறும் சலிப்பைத் துணைவரிகள் காட்டாது. எனவே அவர் பேசும் இடங்களில் வரிகளைப் படிப்பதை விட்டுக் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் நகைச்சுவை என்ற பெயரில் ஏற்றுக்கொள்வதும் தவறுதான். ஜப்பானிய வீரர் தனாகாவுக்கு, இரண்டாம் உலகப் போரின் ஜப்பானியத் தற்கொலை விமானிகளைக் குறிக்கும் 'காமிகாசே' என்று பட்டப்பெயர் சூட்டியதும், அவருடைய ஆங்கிலத்தைச் சிரிப்புக்கு ஆக்கியதும் எனக்கு உறுத்துகின்றன. ஆனால் அந்த வேடத்தில் நடித்த தகாஅகி இஷிபாஷி ஜப்பானின் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர். அவருடைய உடல்மொழி எழுதப்பட்ட வரிகளைவிட உயர்ந்தது. செவ்விந்தியர்களைக் குறித்த 'இந்தியன்ஸ்' என்ற கிளீவ்லாந்து அணியின் பழைய பெயரும் இன்று இல்லை. 2022 பருவத்திலிருந்து அந்த அணி 'கார்டியன்ஸ்' என்ற பெயரில் ஆடுகிறது.

கடைசியாக, படம் வந்த ஆண்டை மறந்துவிடக் கூடாது. பணமும் புகழும் ஆட்டக்காரர்களை என்ன செய்கின்றன என்று கேட்ட இப்படம் வசந்தத்தில் வெளியானது. ஆகஸ்ட் 12 அன்று, சம்பளத்துக்கு உச்சவரம்பு விதிக்க உரிமையாளர்கள் முயன்றதை எதிர்த்து, நிஜ ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1904க்குப் பிறகு முதன்முறையாக அந்த ஆண்டு உலகத் தொடர் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு தொடர் திரும்பியபோது, 41 ஆண்டுகளுக்குப் பிறகு அதில் கிளீவ்லாந்து அணி ஆடியது.