ராத்திரி மூன்று மணிக்கு ஒரு சொட்டு

"ராத்திரி ரெண்டே இட்லிதான் சாப்பிட்டேன், காலையில் எப்படி 180 வரும்?" சுகர் இருக்கிற எல்லோரும் ஒருநாளாவது இதைக் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டவள்தான். அணைக்கட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று தினமும் அளந்து போடுவது என் வேலை. சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதில் ஐந்து வருஷம் காலை சுகரைக் குறைக்கிறேன் என்று தோன்றியதையெல்லாம் செய்து பார்த்தேன்.

அதில் பெரிய தவறு, ராத்திரி சாப்பாட்டை நிறுத்தியது. மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவேன். மூன்றாம் நாள் நடுராத்திரி விழிப்பு வந்தது. ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது. கத்திரி வெயில் காலம், புழுக்கம் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று டம்ளரை எடுத்தால் கையில் நிற்கவில்லை, அப்படி ஒரு நடுக்கம். மகள் எழுந்து வந்து மிஷினில் பார்த்தாள். 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 84. நான் போட்டிருந்தது கிளிமிப்ரைடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். அந்த மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுக்கிறவர்கள் தயவுசெய்து வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள்.

மறுநாள் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "மூணு மணிக்கு எவ்வளவு இருக்குன்னு என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அதைக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். விடியற்காலை மூன்று, நான்கு மணி வாக்கில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது கார்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூடும். கல்லீரல் இன்னும் கொஞ்சம் சர்க்கரையை ரத்தத்தில் விடும். சுகர் இல்லாதவர்களுக்குக் கணையம் அதற்கு ஏற்ற இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடும். நமக்கு அது போதாது. அதனால் ஒரு வாய் சாப்பிடாமலே ஏறும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது கண்டுபிடிப்பது. ஒரு வாரத்தில் மூன்று நாள், படுக்கும்போது ஒன்று, ராத்திரி மூன்று மணிக்கு ஒன்று, எழுந்ததும் ஒன்று பாருங்கள். ராத்திரி என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு என்றும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். நான் போனில் அலாரம் வைத்து, மிஷினைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

படுக்கும்போதே 200 இருந்து காலையிலும் அப்படியே இருந்தால், ராத்திரிச் சாப்பாட்டையும் மருந்தையும்தான் பார்க்க வேண்டும். படுக்கும்போது 130, மூன்று மணிக்கு 125, எழுந்ததும் 170 என்றால் அது விடியற்காலை ஏற்றம். மூன்று மணிக்கு 70க்குக் கீழே போனால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். காலையில் ஏறியிருக்கிறதே என்று நீங்களாக மாத்திரையைக் கூட்டினால் அடுத்த ராத்திரி ஆபத்து. காலையில் தலைவலி, நனைந்த தலையணை, கெட்ட கனவு இதெல்லாம் இருந்தாலும் மூன்று மணிக்குப் பார்த்துவிடுங்கள்.

பார்க்கிற முறையும் சரியாக இருக்க வேண்டும். ஒரு பொங்கலன்று வெல்லம் உடைத்த கையோடு குத்திப் பார்த்தேன், 243. பயந்துபோய், சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 151. விரல் நுனியில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறையும். ஸ்டிரிப் டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள். வேலூர் வெயிலில் ஸ்கூட்டி பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போனால் ஸ்டிரிப் கெட்டுவிடும். மிஷின் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம், அதனால் 128க்கும் 136க்கும் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

சரி, சாப்பாடு. எங்கள் பக்கம் களியைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு: கேழ்வரகுதானே, சுகருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று. நானும் ராத்திரி இரண்டு உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் பள்ளியில் அரிசி நிறுக்கும்போது தோன்றியது, வீட்டுக்கு வந்து என் பங்கு மாவை நிறுத்துப் பார்த்தேன். 120 கிராம்! அதற்கு மேல் களியில் அரிசி நொய் வேறு. மாவுச்சத்தில் கேழ்வரகுக்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்தும் கால்சியமும் கேழ்வரகில் அதிகம், அதுதான் அதன் பெருமை. இப்போது 50 கிராம் மாவில் சின்னதாக ஒரே உருண்டை. தட்டில் பாதிக்குக் கீரைக் கடைசலோ இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் கூட்டோ இருக்கும். கூடவே ஒரு முட்டை, இல்லையென்றால் சுண்டல். களியை விட வேண்டியதில்லை, அளந்தால் போதும்.

ஒன்பதரை மணிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தேன். சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்துத் தெருவில் இருபது நிமிஷம் நடக்கிறேன். எனக்குப் பலன் கொடுத்தது எது என்று கேட்டால் முதலில் இந்த நடையைச் சொல்வேன். நடக்கும்போது தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். செருப்பு கட்டாயம், நமக்குக் காலில் முள் குத்தினால்கூடத் தெரியாமல் போகலாம்.

டாக்டர் கிளிமிப்ரைடு அளவைக் குறைத்தார், மெட்ஃபார்மினை ராத்திரிச் சாப்பாட்டோடு போடச் சொன்னார். கல்லீரல் விடுகிற சர்க்கரையைக் குறைப்பதுதான் மெட்ஃபார்மினின் முக்கியமான வேலை. இது எனக்குச் சொன்னது. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் வேறு மாதிரி இருக்கும். மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார், ஆனால் எதை எப்போது போடுவது என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

காலையில் சுகர் ஏறியிருக்கிறது என்று நாஷ்டாவைத் தள்ளிப்போடாதீர்கள். பட்டினி கிடந்தால் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும். நான் எழுந்ததும் சர்க்கரை போடாத டீ, எட்டு மணிக்குள் இரண்டு அடை அல்லது முட்டையோடு இரண்டு இட்லி. பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவு வேறு.

என் நோட்டில் இந்த வாரம் 124, 131, 118, 142, 127. அந்த 142 ஆம்பூரில் கல்யாணத்துக்குப் போய்ப் பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்ட ராத்திரி. அதையும் அப்படியே எழுதித்தான் வைத்திருக்கிறேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நோட்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன்.